ஒரே சங்கிலியில் நான்கு கால்கள்

மார்ச் 2

அண்ணிக்கு,

நீங்கள் இருவரும் ஊர் மாறிப் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் மட்டும் போன் செய்கிறான். அவன் பேசும்போது பின்னணியில் நீங்கள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும். வேண்டுமென்றேதான் அவ்வளவு சத்தமாகக் கழுவுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நாம் போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் ஒருத்தி வைத்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன். ஜூன் மூன்றாவது வாரத்தில் மலைச்சாலைப் பந்தயம் வருகிறது. பார்வையுள்ள பைலட் முன்னால், என்னைப் போன்றவர்கள் பின்னால், வழக்கமான இரட்டைச் சைக்கிள் பிரிவு. இந்த முறை அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வுக் குழு வந்து பார்க்கப்போகிறது. எனக்குப் பைலட் இல்லை.

கிளப்பில் ஒரு நெட்டை புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அவளோடு இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். குதிரை மாதிரி மிதிக்கிறாள், ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். வளைவுக்குள் போன பிறகுதான் அது வளைவு என்று என் உடம்புக்குத் தெரிகிறது. நீங்களோ, பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்வதுபோல "இடது, மெதுவா, பள்ளம், இப்ப மிதி" என்று தொணதொணத்துக்கொண்டே வருவீர்கள். அந்தத் தொணதொணப்பு எனக்கு வேண்டும்.

போன பந்தயத்தில் கடைசி மேட்டில் நாம் கவிழ்ந்துபோன பிறகு, கூடாரத்தில் அண்ணனிடம் நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "பின்னாடி ஒரு மூட்டையைக் கட்டிக்கிட்டு ஏறுன மாதிரி இருந்துச்சுங்க." கூடாரத் துணி மெல்லியது. எனக்குக் கண்தான் தெரியாது.

ஆகவே ஒரு நிபந்தனை. யார் மூட்டை என்பதை இந்த முறை வாயால் பேச வேண்டாம். இருவரும் அவரவர் வீட்டுக்குள்ளேயே சைக்கிளை டிரெய்னர் என்கிற தாங்கியில் மாட்டி, நின்ற இடத்திலேயே மிதித்து, வாட் கணக்கில் பயிற்சி செய்வோம். திட்டத்தை நான் போடுவேன். சம்மதமா இல்லையா, ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

*

மார்ச் 9

கணக்கு,

காலேஜில் புள்ளியியல் நடத்துகிறவளுக்குக் கணக்கு என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். கோபத்தில் இருந்தாலும் வேறு பெயர் வாயில் வரமாட்டேன் என்கிறது.

ஒரு வரி போதுமாம். எனக்கு ஒரு வரியில் தும்மக்கூட வராது.

சொன்னேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். மலை ஏறி நாக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தபோது வந்த பேச்சு அது. கேட்டவள் நேராக உள்ளே வந்து "என்னையா மூட்டைன்னு சொன்னீங்க?" என்று கத்தியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். எட்டு மாதம் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது யார்?

வருகிறேன். ஆனால் இந்த வாட் சமாச்சாரமெல்லாம் எனக்கு எதற்கு? பதினைந்து வருஷமாகப் பஸ் ஓட்டுகிறேன். இன்ஜின் திணறுகிறதா இல்லையா என்று பாதத்துக்கே தெரியும். என் கால் எவ்வளவு மிதிக்கிறது என்று ஒரு பெட்டி வந்து சொல்ல வேண்டுமா?

உன் அண்ணன் போன வாரமே டிரெய்னரைத் தூக்கிக்கொண்டு வந்து ஹாலில் வைத்துவிட்டார். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை அதன் மேல் மாட்ட வேண்டுமாம். நீ எழுதப்போவது அவருக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது. அண்ணனும் தங்கையும் சேர்ந்து எனக்குக் குழி தோண்டியிருக்கிறீர்கள். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. கீழ்வீட்டுக்காரர் நான் செருப்பைக் கழற்றிப் போட்டாலே மேலே நிமிர்ந்து பார்க்கிற ஆள். அவர் சண்டைக்கு வந்தால் உன் பெயரைத்தான் சொல்வேன்.

திட்டத்தை அனுப்பு.

அண்ணி

*

மார்ச் 14

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை என் போனில் இருக்கும் குரல் வாசித்துக் காட்டியது. நீங்கள் அவ்வளவு ஆத்திரமாக எழுதியதை, வானிலை அறிக்கை மாதிரி அமைதியாகப் படித்தது. இரண்டாவது முறை நானே உங்கள் குரலில் மனசுக்குள் படித்துக்கொண்டேன்.

பெட்டி எதற்கு என்று கேட்டீர்கள். வீட்டுக்குள் எதிர்காற்றும் இல்லை, மேடும் இல்லை. அங்கே வேகம் என்று காட்டுவதற்கு அர்த்தமே கிடையாது. இதயத் துடிப்பை நம்பலாம் என்றால், ஒரு காபி குடித்தாலும் தூக்கம் கெட்டாலும் அது மாறிவிடும். வாட் மட்டும்தான் இந்த நொடியில் உங்கள் கால் எவ்வளவு தள்ளுகிறது என்று சொல்லும். நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா, எரிச்சலாக இருக்கிறீர்களா என்று அதற்குக் கவலையில்லை. நம் இரண்டு பேருக்கும் நடுவில் அப்படி ஒருவர் தேவைப்படுகிறார்.

முதலில் ஒரு சோதனை. நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, இருபது நிமிடம் விடாமல் உங்களால் முடிந்த அளவு மிதிக்க வேண்டும். வருகிற சராசரியில் ஐந்து சதவீதத்தைக் கழித்தால் உங்கள் எல்லை கிடைக்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய சக்தி அது. மற்ற எல்லாப் பயிற்சியையும் அந்த எண்ணிலிருந்துதான் பிரிக்கப்போகிறேன். செவ்வாய்க்கிழமை எல்லையை ஒட்டிய நீண்ட சுற்றுகள், முதலில் பத்துப் பத்து நிமிடம், பிறகு கூட்டுவோம். வியாழக்கிழமை எல்லையைத் தாண்டி மூன்று நிமிடத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் அதே அளவு ஓய்வு. உங்களுக்கு விடுப்பு இருக்கிற நாளில் நீளமாக, பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுகிற அளவுக்கு லேசாக. நாலாவது வாரம் பாதி வேலைதான். அந்த வாரத்தில்தான் உடம்பு வலுவாகும், அதனால் ஏமாற்றிக் கூடுதலாக ஓட்டாதீர்கள்.

மின்விசிறி முகத்துக்கு நேராக இருக்கட்டும். அறைக்குள் உடம்பு சீக்கிரம் சூடாகி எண் இறங்கிவிடும், நீங்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள்வீர்கள். சோதனையில் முதல் ஐந்து நிமிடம் "இவ்வளவுதானா?" என்று தோன்ற வேண்டும். தயவுசெய்து பாய்ந்துவிடாதீர்கள்.

சுவரைப் பார்த்தபடி ஓட்டுவது பலருக்குச் சலிக்குமாம். அந்த நஷ்டம் எனக்கு இல்லை.

நாத்தனார்

*

மார்ச் 23

கணக்கு,

பாய்ந்துவிட்டேன்.

நீ பாயாதே என்று எழுதியிருந்ததைச் சைக்கிள் ஹேண்டிலிலேயே ஒட்டி வைத்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டேதான் பாய்ந்தேன். முதல் நாலு நிமிடம் இருநூற்று முப்பது காட்டியது. "பாருங்க, உங்க தங்கச்சியைத் தூக்கிச் சாப்பிட்டுருவேன்" என்று உன் அண்ணனிடம் சொன்னேன். அதுதான் நான் பேசிய கடைசிப் பேச்சு. ஏழாவது நிமிடத்தில் தொடை இரண்டும் எனக்குச் சொந்தமில்லை என்று ஆகிவிட்டது. பன்னிரண்டாவது நிமிடத்தில் கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டுக்காரர். உன் அண்ணன் திறந்தார்.

"மேல என்ன மாவு மில்லா வெச்சிருக்கீங்க?"

"இல்ல சார், மிஸஸ் சைக்கிள் ஓட்டுறாங்க."

"வீட்டுக்குள்ளயா? எங்க போறாங்க?"

எனக்குச் சிரிக்கவும் மூச்சில்லை. இருந்தாலும் இறங்கவில்லை. இருபது நிமிடமும் முடித்துவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டேன். சராசரி நூற்று அறுபத்தெட்டு. உன் கழித்தலுக்குப் பிறகு எல்லை நூற்று அறுபது.

உன்னுடையது எவ்வளவு? கூட்டிக் குறைத்துச் சொல்லாதே. அண்ணி மனசு நோகும் என்று மறைத்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

அண்ணி

*

மார்ச் 27

அண்ணிக்கு,

மறைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, எண்ணை நம்பச் சொன்னதே நான்தானே என்று தோன்றியது. என் எல்லை இருநூற்றுப் பத்து.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. நான் உங்களைவிடப் பத்து வயது சின்னவள். ஐந்து வருஷமாக ஓட்டுகிறேன். நீங்கள் பாய்ந்ததால் உங்கள் எண்ணில் பத்து வாட்டாவது குறைந்திருக்கும். அடுத்த சோதனையில் அது தெரியும்.

செவ்வாய்க்கிழமைக்கு உங்கள் சுற்று நூற்று ஐம்பத்தைந்து வாட்.

நாத்தனார்

*

ஏப்ரல் 2

கணக்கு,

அப்படியானால் மூட்டை முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது.

உனக்கு இதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. கண்டுபிடித்துவிட்டாய். நெட்டையைக் கூட்டிக்கொண்டு போ. அவளுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது எனக்குக் கால் முளைப்பதைவிடச் சுலபம்.

டிரெய்னரைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தாகிவிட்டது.

அண்ணி

*

ஏப்ரல் 20

அண்ணிக்கு,

நீங்கள் பதில் எழுத மாட்டீர்கள் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். பாதியில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படியுங்கள்.

உங்கள் சோதனைப் பதிவு முழுவதையும் அண்ணனிடம் கேட்டு வாங்கினேன். அவனைத் திட்டாதீர்கள், நான்தான் பிடுங்கினேன். வாட்டை மட்டும் பார்த்துவிட்டு மற்ற வரிசையை நான் பார்க்காமல் விட்டது என் மடத்தனம். மாணவர்கள் இப்படிச் செய்தால் மதிப்பெண்ணைக் குறைப்பேன்.

உங்கள் மிதிவேகம் நிமிடத்துக்கு அறுபத்திரண்டு சுற்று. என்னுடையது தொண்ணூற்று நான்கு. நீங்கள் கனமான கியரில் மெதுவாக அழுத்துகிறவர். நான் லேசான கியரில் வேகமாகச் சுற்றுகிறவள். தனித்தனிச் சைக்கிளில் இரண்டும் சரிதான். ஆனால் இரட்டைச் சைக்கிளில் உங்கள் மிதியையும் என் மிதியையும் ஒரே சங்கிலி கட்டியிருக்கிறது. நீங்கள் அறுபது சுற்றினால் நானும் அறுபதுதான் சுற்றியாக வேண்டும். கியர் மாற்றுகிற பிடியும் உங்கள் கையில்.

போன வருஷம் மேடு செங்குத்தாக ஆனதும் நீங்கள் உங்களுக்குப் பழகிய கனமான கியருக்குப் போனீர்கள். அந்த வேகத்தில் என் முட்டி பூட்டிக்கொள்ளும். தள்ள எனக்குச் சக்தி இருந்தது, தள்ளுவதற்கு வழி இல்லை. உங்களுக்கு அது பின்னால் பாரம் போலத் தெரிந்தது. எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்லவா? முன்னால் ஒருத்தி பிரேக் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறாள் என்று தெரிந்தது. கிளப்பில் அதை அப்படியே சொல்லவும் செய்தேன். அங்கே துணிக் கூடாரம் இல்லை, அதனால் உங்கள் காதில் விழவில்லை.

ஆக, அன்று மூட்டை யாருமில்லை.

இனி செவ்வாய்ச் சுற்றுகளை வாட்டும் மிதிவேகமும் சேர்த்துப் போடுகிறேன். வாரத்துக்கு நாலைந்து சுற்று நீங்கள் கூட்டுங்கள், நான் குறைக்கிறேன். எண்பதில் சந்திப்போம். லேசான கியரில் வேகமாகச் சுற்றும்போது ஆரம்பத்தில் மூச்சு வாங்கும், சீட்டில் குதிப்பீர்கள். பத்து நாளில் பழகிவிடும்.

டிரெய்னரை வெளியே எடுங்கள், அண்ணி.

கணக்கு

*

ஏப்ரல் 26

கணக்கு,

பிரேக் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாய். இதைப் படித்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? இத்தனை மாதமாக நான் ஒருத்தி மட்டும்தான் வாய்க்கொழுப்புக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் உன் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் உன் அண்ணன் டிரெய்னரைத் திரும்பவும் மாட்டிவிட்டார். நேற்று அறுபத்தெட்டில் சுற்றினேன். தையல் மெஷினில் கால் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கியர் விஷயம் மட்டும் சட்டென்று புரிந்துவிட்டது. மேட்டில் பஸ்ஸை மேல் கியரில் வைத்து மிதித்தால் இன்ஜின் எப்படி முனகும் என்று எனக்கா தெரியாது? புது டிரைவர்களை அதற்காகத் திட்டுவதே என் வேலை. உன் முட்டியை மட்டும் போன வருஷம் அப்படி முனக விட்டிருக்கிறேன்.

அடுத்த வாரத் திட்டத்தை அனுப்பு. மூன்று வாரம் வீணாகப் போனதை எங்கே சேர்த்து அடைப்பது என்று சொல்.

அண்ணி

*

ஏப்ரல் 29

போனதை அடைக்கக் கூடாது, அண்ணி. விட்ட இடத்திலிருந்து மெதுவாகத் தொடங்க வேண்டும். இது கட்டளை.

கணக்கு

*

ஜூன் 3

கணக்கு,

புதுச் சோதனை எழுதுகிறேன், கேட்டுக்கொள். இந்த முறை பாயவில்லை. முதல் ஐந்து நிமிடம் கிழவி கோலூன்றிப் போகிற மாதிரி போனேன். கடைசி ஐந்தில் அவிழ்த்துவிட்டேன். எல்லை நூற்று எழுபத்தெட்டு. மிதிவேகம் எழுபத்தொன்பது. உன் அண்ணன் கை தட்டினார். நான் அவரை ஒரு முறைப்பு முறைத்துவிட்டு, பிறகு நானும் தட்டினேன்.

போன வியாழக்கிழமை மட்டும் தோற்றுப்போனேன். அதிகாலை ஷிப்ட், அதோடு ஒரு பயணி சில்லறைக்காகச் செய்த ரகளை, எல்லாம் சேர்ந்து உடம்பு துவைத்துப் போட்ட துணி மாதிரி கிடந்தது. மூன்று நிமிடத் துண்டில் இரண்டாவதும் மூன்றாவதும் எண்ணை எட்டவில்லை. பழைய நானாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் முடித்திருப்பேன். நீ எழுதியது ஞாபகம் வந்தது: எண் இரண்டு முறை கைக்கு எட்டாவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினேன். சனிக்கிழமை அதே துண்டுகள் ஐந்தும் வந்தன. இது எனக்கு ஆச்சரியம்தான். நிறுத்துவதும் ஓட்டுவதில் சேர்த்தி என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

கீழ்வீட்டுக்காரருக்காக டிரெய்னருக்கு அடியில் தடிமனான ரப்பர் பாய் போட்டிருக்கிறோம். நேற்று மாடிப்படியில் பார்த்து, "ரெண்டு நாளா சத்தமே காணோம், உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டார். "இது லேசாக ஓட்டுகிற வாரம் சார்" என்று அவருக்கு எப்படி விளக்குவது?

பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னால் வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். கொடுக்காவிட்டாலும் வருவேன்.

அண்ணி

*

ஜூன் 25

கணக்கு,

நேற்று வீடு வந்து சேர்ந்தேன். பஸ் நிலையத்தில் உன்னிடம் சொல்லாமல் ஏறிவிட்ட ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

அந்த மேட்டில் எண்பதில் சுற்றிக்கொண்டே ஏறினோமே, அதை என்னால் மறக்க முடியாது. போன வருஷம் அதே மேட்டில் நான் மட்டும் தனியாகச் சாகிற மாதிரி இருந்தது. இந்த முறை நீ என் முதுகுக்குப் பின்னால் மூச்சு விட்டது மிதியிலேயே தெரிந்தது. கடைசிக்கு முந்தின வளைவில் என் கால் போய்விட்டது. உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? ஒரு வார்த்தை கேட்காமல் நீ கூட்டிக் கொடுத்தாய். நான் வளைவை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன். நெட்டை அன்றைக்கு மட்டும் வேறொருத்தியோடு ஓட்டிய ஜோடிக்குப் பன்னிரண்டு நொடி பின்னால் இரண்டாவதாக வந்தோம்.

நீ உடை மாற்றப் போயிருந்தபோது தேர்வுக் குழுக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். நல்ல மனுஷர், மரியாதையாகத்தான் பேசினார்.

"பின்னாடி உட்கார்ந்தவங்க நம்பர் ரொம்பப் பிரமாதம்மா. முன்னாடி இன்னும் ஒரு நாற்பது வாட் இருந்தா அவங்க எங்கேயோ போயிருவாங்க."

"அந்த நெட்டைப் பொண்ணைச் சொல்றீங்களா?"

"நான் பேர் சொல்லலை. நீங்களே யோசிங்க."

யோசித்தேன். வழியெல்லாம் அதே யோசனைதான். இது கோபத்தில் எழுதுவது இல்லை, கணக்கு. எனக்கு நாற்பத்தொரு வயது. இன்னும் பத்து வாட் வரும், இருபது வரும், நாற்பது வராது. நீ அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டியவள். நெட்டையோடு போ. அவளை ஒரு வாரம் என்னிடம் அனுப்பு, பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார வைத்து வழி முழுக்க வளைவு சொல்ல வைக்கிறேன்.

அண்ணி

*

ஜூலை 1

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் அந்தத் தேர்வுக் குழுக்காரருக்கே போன் செய்தேன். "யோசிக்க வேண்டாம் சார், அளந்து பாத்துருவோம்" என்றேன். மனுஷர் ஒத்துக்கொண்டார். நேற்று காலை நெட்டையோடு, புறவழிச்சாலை வட்டத்தில் ஓட்டினேன். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் நீங்களும் நானும் பழகிய அதே வட்டம், அதே சைக்கிள். அவரே நேரம் குறித்தார்.

நேரான சாலையில் நெட்டையோடு நாங்கள் வேகமாகப் போனோம். அதில் சந்தேகமில்லை. ஆனால் முழு வட்டத்துக்கும் உங்களோடு ஓட்டியதைவிட முப்பத்தைந்து நொடி கூடுதலாக ஆனது. அவருக்கு நம்பிக்கை வராமல் இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். மறுபடியும் அதேதான். இத்தனைக்கும் நெட்டை இந்த முறை பேசினாள், பாவம். "வளைவு" என்பாள், எந்தப் பக்கம் என்பதைப் பிறகு சொல்வாள்.

இருவர் மிதியிலும் பதிவான வாட் கோடுகளை அவர் பார்த்துச் சொல்லச் சொல்லக் கேட்டேன். நெட்டையின் கோடு கம்பீரமாக இருக்கிறது. என் கோடுதான் ஒவ்வொரு வளைவுக்கும் பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கிறது. எனக்கே தெரியாமல் நான் மிதியை அழுத்துவதை விட்டுவிடுகிறேன். உங்களோடு ஓட்டிய பதிவில் என் கோடு வளைவிலும் இறங்கவில்லை. எது வளைவு, எது நேர்சாலை என்று என் கோட்டைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

தேர்வுக் குழுக்காரர் இரண்டு பதிவையும் மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, "இந்தப் பயம் பழகினா போயிடும்மா" என்றார். போகலாம். நெட்டை நல்ல பெண், ஒரு வருஷத்தில் அவளும் பழகிவிடுவாள். நீங்கள் அவளை வரச் சொன்னது சரிதான், நிச்சயம் அனுப்புகிறேன். நேர்சாலைப் பந்தயங்களுக்கு அவளோடு போவேன். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

ஆனால் வளைவுக்கு வளைவு வருகிற மலை உங்களுடையது. இதைப் பாசத்துக்காகச் சொல்லவில்லை. பாசத்தில் நான் கணக்குப் போடுவதில்லை என்று உங்களுக்கே தெரியும். முன்னால் உங்களிடம் குறைகிற வாட்டைவிட, நீங்கள் முன்னால் இருப்பதால் பின்னால் எனக்குக் கூடுகிற வாட் அதிகம். அக்டோபரில் அணித் தேர்வு முகாம். மலைப் பிரிவுக்கு நம் ஜோடியின் பெயரை அவரே எழுதிக்கொண்டு போனார்.

கணக்கு

*

ஜூலை 6

கணக்கு,

உன் கடிதத்தை டெப்போ ஓய்வறையில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். கண்டக்டர்கள் எல்லாரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். "பாசத்தில் கணக்குப் போடுவதில்லை" என்ற இடம் வந்ததும் ஒருத்தர், "அப்ப இது என்னவாம்?" என்றார். மூக்கைச் சிந்துகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

நெட்டையைத் திங்கட்கிழமை அனுப்பு. மலைப்பாதை ரூட் ஒன்று இருக்கிறது, எழுபது வளைவு. இறங்கும்போது அவளுக்குத் தொண்டை கட்டியிருக்க வேண்டும்.

அக்டோபருக்கு எனக்கு நூற்றுத் தொண்ணூறு வேண்டும். முடியாது என்று எழுதினால் அந்தக் கடிதத்தை நான் படிக்க மாட்டேன். முடியும் என்றால் எப்படி என்று எழுது. வியாழக்கிழமைத் துண்டுகளை இன்னும் ஒரு நிமிடம் நீட்டலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ வேண்டாம் என்பாய். என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

நேற்று ராத்திரி உன் அண்ணன் நம் கடிதங்களையெல்லாம் முதலிலிருந்து படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இவ்வளவு சண்டை போட்டுட்டு ரெண்டு பேரும் எப்படி ஒரே சைக்கிள்ல உட்கார்றீங்க?" என்றார்.

"உட்கார்ந்துட்டா சண்டை போட மூச்சு இருக்காதுங்க" என்றேன்.

அண்ணி